திரையில் ஒரு வீடு, தரையில் ஒரு வீடு

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது. கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான 5 சென்ட் மனையில் புதிய வீட்டுக்கான வேலை தொடங்கியிருந்தது. மேஸ்திரி நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, தூண் குழிகளுக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது, நான் ஏழு மாதங்கள் கணினியின் முன் அமர்ந்து உருவாக்கிய வரைபடம். மாடிப்படி வரும் இடத்தில் நின்று, தாளில் இருந்த படிகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணியவர் நிமிர்ந்து கேட்டார்: "சார், பத்தடி ஒசரத்துக்குப் பதினாறு படியா? ஒரு படி ஏழரை இஞ்ச் வருமே. அம்மா எப்படி ஏறுவாங்க?"

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். 120 அங்குலத்தைப் பதினாறால் வகுக்க எனக்குக் கணினி தேவையில்லை. ஆனாலும், அந்த ஏழு மாதங்களில் ஒருநாள்கூட நான் அந்த வகுத்தலைச் செய்யவில்லை. என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. ஒரு படி 6 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் இந்த வீட்டைப் பற்றி அவர் வைத்த ஒரே நிபந்தனை. திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து மகிழ்ந்த அந்த அழகிய மாடிப்படி, அந்த ஒரே நிபந்தனையை மீறியிருந்தது. இரண்டு குழிகள் தோண்டப்பட்டிருந்தன. கான்கிரீட் மட்டும் விழவில்லை.

எங்கே பிழை நேர்ந்தது என்று அன்று இரவே கோப்பைத் திறந்து தேடினேன். காரணம் எளிமையானது. வீட்டு வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில், நாம் எதையும் மாற்றாவிட்டால் சுவரின் உயரம் இரண்டரை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளப்படும். அதாவது 8 அடி 2 அங்குலம். அந்த உயரத்துக்கு நான் 6 அங்குலப் படிகளாகப் பதினாறு வைத்திருந்தேன். பிறகு, நம் ஊர் வெயிலுக்கு இந்த உயரம் போதாது என்று உணர்ந்து, தளத்துக்குத் தளம் 10 அடியாக மாற்றினேன். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல், அதே பதினாறு படிகளை மேல்நோக்கி இழுத்து நீட்டிவிட்டது. மேலிருந்து பார்க்கும் தரைத்தள வரைபடத்தில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. கோடுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். வரைபடத்தைச் சரிபார்த்த பொறியாளர் கண்ணிலும் படவில்லை. மேஸ்திரி மட்டுமே எண்ணிப் பார்த்தார்.

இந்த அனுபவம் எனக்கு மட்டும் உரியதன்று என்று நினைக்கிறேன். ஓய்வூதியப் பணத்திலோ வங்கிக் கடனிலோ வீடு கட்ட முனையும் பலர், இப்போது மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ தாமே வரைந்து பார்க்கிறார்கள். அது வரவேற்கத்தக்கது. ஆனால், இந்தக் கருவிகள் எங்கே தடுமாறும், எங்கே நம்மைத் தடுமாற வைக்கும் என்பது தெரியாமல் இறங்கினால் இழப்பு நமக்கே. கற்றுக்கொண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னிருப்பின் ஆட்சி: நாம் தேர்வு செய்யாதபோது மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் மதிப்பைக் கணினி நூல்கள் 'முன்னிருப்பு' என்கின்றன. பொருளாதாரத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் வெளியிட்ட 'நட்ஜ்' என்ற நூல், மனிதர்கள் பெரும்பாலும் முன்னிருப்பை மாற்றாமல் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை விரிவாகப் பேசியது. தேலருக்கு 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வகுப்பறையில் இதை மாணவர்களுக்குச் சொன்ன நானே, என் வீட்டு விஷயத்தில் அதற்கு இரையானேன். மென்பொருளின் முன்னிருப்புகள் எங்கோ ஒரு குளிர்நாட்டு வீட்டை மனத்தில் கொண்டவை: மெல்லிய பலகைச் சுவர், தாழ்ந்த கூரை, வேறொரு வானத்துச் சூரியன். நம் 9 அங்குலச் செங்கல் சுவரை அவை அறியா. நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மனிதர் புழங்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. குடியிருப்பின் மாடிப்படி உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. காலை வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. என் ஏழரை அங்குலப் படி 190.5 மில்லிமீட்டர். முழங்காலை விடுங்கள், விதியையே அது அரை மில்லிமீட்டரில் மீறியிருந்தது.

ஆகவே முதல் அறிவுரை: முதல் சுவரை வரையும் முன் ஒரு நாளை அமைப்புகளுக்கென்றே ஒதுக்குங்கள். அளவு அலகு, சுவரின் கனம், தளத்தின் உயரம், கூரைப் பலகத்தின் கனம், ஊரின் அட்சரேகை, நேர மண்டலம் ஆகிய ஆறையும் நம் ஊருக்கு ஏற்ப மாற்றி, வெற்றுக் கோப்பு ஒன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். இனி எத்தனை முறை புதிதாகத் தொடங்கினாலும் அந்தக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். அந்த ஒரு நாளைச் செலவிட்டிருந்தால் எனக்குப் பல வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

அடியும் அங்குலமும்: நம் நாட்டில் நிலம் ஒரு மொழியில் பேசுகிறது, கட்டடம் வேறு மொழியில் பேசுகிறது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஊரார் சென்ட் என்பார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரர்கள் கிரவுண்டு என்பார்கள். அது 2,400 சதுர அடி. கொத்தனார் அடி, அங்குலத்தில் வேலை செய்வார். கம்பியின் தடிமன் மில்லிமீட்டரில் வரும். கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அலகு பொருந்தாவிட்டால், வீடு தீப்பெட்டியாகச் சுருங்கும், அல்லது மலையாக வீங்கும். இந்தப் பெரிய பிழை உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் கொல்வது சிறிய பிழை.

பத்தடி ஆறு அங்குலத்தை நாம் தாளில் 10.6 என்று எழுதிப் பழகியவர்கள். மென்பொருளுக்கு 10.6 அடி என்பது தசம எண். பத்தடி ஏழு அங்குலத்துக்கும் சற்று அதிகம். இதிலாவது வேறுபாடு ஓரங்குலம்தான். பத்தடி பத்து அங்குலத்தை 10.10 என்று தட்டச்சு செய்தால், கணினி அதை 10.1 என்றே படிக்கும். அது பத்தடி ஓரங்குலம். ஏறத்தாழ 9 அங்குலம், அதாவது ஒரு சுவரின் முழுக் கனம், காணாமல் போய்விடும். அடிக்கும் அங்குலத்துக்கும் உரிய குறிகளை இட்டே எண்களைத் தர வேண்டும். இயலாதவர்கள் எல்லாவற்றையும் அங்குலமாகவோ மில்லிமீட்டராகவோ மாற்றிக்கொள்வது நல்லது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், சுவரின் நடுக்கோடு. சில மென்பொருள்கள் அறையின் அளவைச் சுவரின் நடுவிலிருந்து நடுவரை காட்டும். சில, உட்புறத்திலிருந்து உட்புறம் வரை காட்டும். நடுக்கோட்டுக் கணக்கில் 'பத்துக்குப் பத்து' என்று வரைந்த அறை, 9 அங்குலச் சுவர் எழுந்தபின் 9 அடி 3 அங்குலமாகவே நிற்கும். பூச்சு அதிலும் சற்றுத் தின்னும். ஆறே கால் அடிக் கட்டிலும் அலமாரியும் வாங்கி வைத்த பிறகு அந்த முக்கால் அடியின் அருமை புரியும். எந்த அளவு எந்த முகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை வரைபடத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

நடுங்கும் கோடுகள்: மனையை அளந்த நில அளவையாளர் செயற்கைக்கோள் கருவியால் அளந்து, கோப்பாகவே தந்தார். அதைத் திறந்ததும் திரையில் கோடுகள் நடுங்கின. ஒன்றை ஒன்று தொட வேண்டிய மூலைகள் விலகி நின்றன. பெரிதாக்கினால் சுவர் மறைந்தது. கணினி பழுதென்று எண்ணி இரண்டு வாரங்களை வீணாக்கினேன். பழுது கணினியில் இல்லை, எண்களில் இருந்தது. அளவையாளரின் கோப்பு உலக ஆயத்தொலைவு முறையில் அமைந்தது. அந்த முறையில் கடப்பாக்கம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 13.5 லட்சம் மீட்டரில் இருக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் 135 கோடி. பத்து இலக்க எண். கோப்பு இந்த எண்ணை முழுமையாகச் சேமித்து வைத்தாலும், படத்தைத் திரையில் தீட்டும் வரைகலைப் பகுதி பெரும்பாலும் ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் கணக்கிடும். எஞ்சிய மூன்று இலக்கங்கள் உருண்டு திரண்டு போகின்றன. இந்த இடத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 5 அங்குலத் தாவல்களில்தான் நகர முடியும். நடுக்கத்தின் காரணம் இதுவே.

தீர்வு ஒரு நிமிட வேலை. மனையின் தென்மேற்கு மூலையைப் பூச்சியம், பூச்சியம் என்ற புள்ளிக்கு நகர்த்திவிட வேண்டும். நகர்த்திய தொலைவை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அளவையாளருக்குக் கோப்பைத் திருப்பித் தரும்போது அது தேவைப்படும்.

சூரியன் எந்தப் பக்கம்: பெரும்பாலான மென்பொருள்களில் நிழல் விழும் விதத்தைப் பார்க்கும் வசதி உண்டு. அதை நம்பி வடக்குப் பார்த்த சன்னல்களுக்கு நிழற்பலகை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். திரையில் மே மாத நண்பகலிலும் வடக்குச் சுவர் நிழலில் இருந்தது. பின்னர்தான் கோப்பின் இருப்பிடம் மாற்றப்படாமல் ஓர் அமெரிக்க நகரமாகவே இருப்பதைக் கண்டேன். நாற்பது பாகை வடக்கில் உள்ள ஊரில் உச்சிச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். கடப்பாக்கமோ ஏறத்தாழ 12.3 பாகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 20ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; அதன் பிறகு ஆகஸ்ட் 20 வரை நான்கு மாதங்களும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். கத்திரி வெயில் முழுவதும் இதனுள் அடக்கம். அட்சரேகையைத் திருத்திய கணத்தில் என் வடக்குச் சன்னல்களில் வெயில் விழுந்தது. நேர மண்டலத்தையும் பாருங்கள். நம்முடையது ஐந்தரை மணி. அரை மணி தவறினால் நிழலும் அரை மணி தவறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, இரண்டு கோல்களை நட்டு அவற்றின் நிழலைக் கொண்டு திசை அறிந்து, கயிறிட்டு மனை வகுத்த முறையைக் கூறுகிறது. நம் முன்னோர் வீட்டை வரையும் முன் முதலில் செய்தது, தம் ஊரின் சூரியனைக் கேட்பதே. நாம் கடைசியில் செய்கிறோம், அல்லது செய்வதே இல்லை.

கோப்பு கனக்கும்போது: வரைபடம் வளர வளரக் கணினி மெதுவாகும், எலியை அசைத்தால் படம் ஐந்து நொடி கழித்து அசையும். உடனே புதிய கணினி வாங்கச் சொல்வார்கள். வாங்கும் முன் கோப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி வைத்த ஒரு தென்னை மரம், ஒரு சோபா, ஒரு குத்துவிளக்கு ஆகியவற்றில் உள்ள சிறு முகங்களின் எண்ணிக்கை, உங்கள் வீட்டின் எல்லாச் சுவர்களையும் சேர்த்தாலும் வராது. அழித்துவிட்ட பொருள்கள்கூடச் சில மென்பொருள்களில் கோப்பின் அடியில் தங்கியிருக்கும். ஆட்டோகேடில் இவற்றைக் கழிக்க 'பர்ஜ்' என்ற கட்டளையும், பழுதுகளைக் கண்டு திருத்த 'ஆடிட்' என்ற கட்டளையும் உண்டு. பிற மென்பொருள்களிலும் இவற்றுக்கு இணையானவை இருக்கும். மரங்களையும் அறைகலன்களையும் தனி அடுக்கில் வைத்து, வேலை செய்யும்போது மறைத்துவிடுங்கள். கட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெறும் பெட்டி போதும். அதற்குச் செதுக்கு வேலை செய்த கால்கள் தேவையில்லை.

மின்சாரமும் கோப்பும்: ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. அன்று மாலை எங்கள் பழைய ஓட்டு வீட்டில் மின்சாரம் போனபோது, சேமிக்காத மூன்று நாள் வேலை அதனுடன் போனது. மூன்று நாள்களாகக் கணினியை அணைக்காமலேயே வைத்திருந்த என் சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை அது. தானாகச் சேமிக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதைப் பத்து நிமிட இடைவெளியில் இயங்கச் செய்யுங்கள். ஆட்டோகேட் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய நிலையை '.பிஏகே' என்ற பின்னொட்டுடன் வைத்திருக்கும். கோப்பு கெட்டுப்போனால் அந்தப் பின்னொட்டை '.டிடபிள்யூஜி' என்று மாற்றித் திறக்கலாம். நாள்தோறும் வேலை முடிந்ததும் அன்றைய தேதியைப் பெயரில் சேர்த்துப் புதிய கோப்பாகச் சேமிப்பதும், வாரம் ஒருமுறை வேறோர் இடத்தில் ஒரு படி வைப்பதும் நல்ல பழக்கங்கள். 'கடைசி', 'கடைசி-புதியது', 'உண்மையான கடைசி' என்று பெயரிடும் பழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும். எது கடைசி என்று ஒரு மாதத்துக்குப் பிறகு கடவுளுக்கே தெரியாது.

அச்சில் சுருங்கும் வீடு: திரையில் எல்லாம் சரியாக இருந்தும் தாளில் கெடுவதுண்டு. பெரிய ஏ3 தாளுக்கு அமைத்த வரைபடத்தை, கடைக்காரர் ஏ4 தாளில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று அழுத்தி அச்சிட்டுத் தந்தால், அது ஏறத்தாழ 71 சதவீதமாகச் சுருங்கும். தாளின் மேல் அளவுகோலை வைத்து அளப்பவருக்குப் பத்தடி ஏழடியாகத் தெரியும். இதற்குத் தற்காப்பு, வரைபடத்தின் ஓரத்தில் பத்தடி நீளத்துக்கு ஓர் அளவுக்கோட்டை வரைந்து வைப்பது. தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், ஏமாற்ற முடியாது. களத்துக்குப் போகும் தாளில் தேதியும் இருக்க வேண்டும். பழைய தாளும் புதிய தாளும் மேஸ்திரியின் பையில் ஒன்றாகக் கிடந்தால், எது கட்டப்படும் என்பது அவர் கைக்கு எது முதலில் அகப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

மென்பொருள் அறியாதவை: திரையில் உள்ள இரும்புச் சன்னல் ஒருநாளும் துருப்பிடிப்பதில்லை. கடப்பாக்கத்தில் மூன்று மழைக்காலங்கள் போதும். கடற்காற்றின் உப்பு, கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் கம்பியையும் தேடிப் போகும். அதனால்தான் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் 'கடுமையான' வகையில் சேர்த்து, கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் காப்பும் குறைந்தது எம்30 தரமும் வேண்டும் என்கிறது. லேசான சூழலுக்கு அது கேட்பது 20 மில்லிமீட்டர் காப்புதான். தூண், உத்திரங்களைக் கணக்கிடும் பொறியாளரின் மென்பொருளிலும் முன்னிருப்புகள் உண்டு. "எந்தச் சூழல் வகையை எடுத்தீர்கள்?" என்ற ஒரு கேள்வியை அவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததைக் கண்டவர்கள் நாம். கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவரின் அழகை மென்பொருள் காட்டும். அந்த இரவின் காற்றைக் காட்டாது.

மனை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதையும் மென்பொருள் சொல்லாது. 1991இல் முதன்முதலில் வந்து, 2011இலும் 2019இலும் புதுப்பிக்கப்பட்ட அந்த அறிவிக்கை, கடலுக்கு மட்டுமன்றி ஓதம் ஏறும் கழிமுகங்களுக்கும் பொருந்தும். ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய கழிமுகத்தின் கரையில் மனை வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். நாணயச் சாலையோடு விளங்கிய அந்தக் கோட்டை 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டு இன்று செங்கல் சிதிலமாக நிற்கிறது. இந்தக் கரையில் எதுவும் நிலையானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

செலவின் ஏணி: ஒரு சுவரைத் திரையில் நகர்த்த ஒரு நிமிடம். சுண்ணாம்புக் கோட்டில் நகர்த்த அரை மணி. செங்கல்லில் நகர்த்த இரண்டு ஆள் கூலியும் இடிபாடும். கான்கிரீட் தூணை நகர்த்தவே முடியாது. ஆகையால், பின்னால் மாற்ற இயலாதவற்றை முதலில் முடிவு செய்வதே சரியான வேலை முறை. தாளில் பென்சில், பிறகு மனை எல்லை, திசை, பிறகு மாடிப்படி, தூண், கழிவுநீர்க் குழாய் செல்லும் வழி, பிறகு சுவர், கதவு, சன்னல், இறுதியில்தான் அறைகலனும் வண்ணமும். நான் செய்தது நேர்மாறு. வரவேற்பறைச் சுவரின் வண்ணத்துக்கு மூன்று வாரங்கள் செலவிட்டேன். மாடிப்படிக்கு மூன்று நிமிடங்கள். மென்பொருளின் கவர்ச்சி அப்படிப்பட்டது. எளிதானதை இன்பமாக்கி, இன்றியமையாததை மறக்கச் செய்துவிடும். இன்னொரு பொறியும் உண்டு. ஏழு மாத உழைப்பு வீணாகிவிடுமே என்ற எண்ணத்தில், தவறென்று தெரிந்த அமைப்பையே ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற மனம் துடிக்கும். பொருளாதாரம் அதை மூழ்கிய செலவு என்கிறது. போன உழைப்பு போனதுதான். இனி ஆகப்போகும் செலவை மட்டுமே எண்ணி முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் படிக்கட்டு விஷயத்தில் அந்தப் பாடத்தை நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. 10 அடி உயரத்துக்கு 6 அங்குலப் படிகள் இருபது வேண்டும். நடுவில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்கு எட்டாக இருந்தவை பத்தாகும். கால் வைக்கும் அகலம் 10 அங்குலம் என்றால், படிக்கட்டு அறை 20 அங்குலம் நீள வேண்டும். அந்த 20 அங்குலத்தை எங்கிருந்து எடுப்பது? பக்கத்தில் இருந்தது என் நூலறை. ஒரு தூண் இடம் மாறியது. தோண்டிய குழிகளில் ஒன்று மூடப்பட்டது. பொறியாளர் மறுபடியும் கணக்கிட்டார். வேலை பத்து நாள்கள் நின்றது. ஒரு புத்தக அலமாரிக்கு இனி இடமில்லை. கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால், ஓய்வூதியப் பணத்தில் கட்டிய மாடிக்கு என் மனைவி ஏறாமலேயே இருந்திருப்பார்.

அரசு செய்யக்கூடியது: தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். அலைச்சலையும் காத்திருப்பையும் குறைத்த நல்ல சீர்திருத்தம் இது. ஆனால், சான்று அளிப்பவர் நாமே என்றால், வரைபடத்தில் உள்ள பிழைக்குப் பொறுப்பும் நம்முடையதே. சரிபார்க்கும் வேலை அலுவலகத்திலிருந்து வீட்டுக்காரரின் மேசைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அந்த வேலைக்கு உரிய கருவியை அவருக்குத் தர வேண்டாமா?

பெரிய செலவு ஏதும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கு உரிய முன்னிருப்புகளைக் கொண்ட வார்ப்புருக் கோப்பு ஒன்றை, ஃப்ரீகேட், ஸ்வீட் ஹோம் 3டி போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்காக உருவாக்கி, தமிழ் விளக்கக் குறிப்புடன் அரசு இணையதளத்தில் வெளியிடலாம். 9 அங்குலச் சுவர், பத்தடித் தளம், விதிக்கு உட்பட்ட படிக்கட்டு, மாவட்டவாரியாக அட்சரேகை, கடலோரத்துக்கென்று தனிக் குறிப்பு ஆகியவை அதில் இருந்தால் போதும். மாமல்லபுரத்தில் இருக்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியும் நம் பாலிடெக்னிக்குகளும் சேர்ந்து ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி இது. முன்னிருப்பை மாற்ற மக்கள் தயங்குவார்கள் என்றால், முன்னிருப்பையே நமக்கு உகந்ததாக அமைத்துத் தருவதுதானே அறிவுடைமை?

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் வீடு நிறைவாகத் தோன்றிய அன்றே வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். மனையில் முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளுக்குள் வீட்டுப் பெண்களையும் முதியவர்களையும் நடக்கவிடுங்கள். அடுப்படியில் நிற்கட்டும், கட்டில் வரும் இடத்தில் பாய் விரித்துப் படுத்துப் பார்க்கட்டும். பிறகு மேஸ்திரியிடம் வரைபடத்தைக் கொடுத்து, அவர் எண்ணி முடிக்கும்வரை பொறுமையாக நில்லுங்கள். எங்கள் வீட்டுக்கு இப்போது இருபது படிகள். மாலையில் மாடியில் காற்று வாங்க என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிப் போகிறார்.